அருகுபோல் வேரோட, வாசலில் ஒரு புல்தரை

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போய்வந்த குடும்பங்களை ஓர் ஆசை தொற்றிக்கொள்ளும். அந்தச் சரிவில் பிள்ளைகள் உருண்டு விளையாடியதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், வாசலில் கிடக்கும் வெற்று மண் கண்ணை உறுத்தும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. மதுரைக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீடு. நர்சரியிலிருந்து சதுரம் சதுரமாக வெட்டிய கொரியன் புல் ஒரு வண்டி வந்து இறங்கியது. ஒரே நாளில் விரித்து முடித்தார்கள். மாலையில் படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினோம். நான்காவது மாதம் பாதி வைக்கோலாகிவிட்டது. வேப்பமரத்தின் கீழே போட்டது அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

ஊட்டிப் பூங்கா 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மதுரை அதில் பத்தில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை. மலையில் படரும் கிக்குயூ புல் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது, குளிருக்குப் பழகியது. நம் சித்திரை வெயிலில் அதை வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை. இணையத்தில் வண்ணப் பொட்டலங்களில் விற்கும் ரை கிராஸ், ஃபெஸ்க்யூ விதைகளும் அதே ரகம்தான். மார்கழியில் முளைத்து ஆசை காட்டும், பங்குனியில் கருகும்.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டுச் சமவெளியில், 200 முதல் 500 சதுர அடிக்குள், சொந்தக் கையால் புல்தரை போட நினைப்பவர்களுக்கு.

முதலில் தண்ணீர்க் கணக்கு

புல் வாங்கும் முன் பென்சில் எடுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். நன்றாக வேர்விட்ட வெப்பநாட்டுப் புல்லுக்குக் கோடையில் வாரத்துக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் தேவைப்படும். 300 சதுர அடி என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். அப்படியானால் வாரத்துக்கு 700 முதல் 840 லிட்டர். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட ஒன்று, வாரம் தவறாமல், ஏப்ரலிலும் மே மாதத்திலும். உங்கள் போர்வெல் அந்த மாதங்களில் என்ன நிலையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவாக இருந்தால் பரப்பைப் பாதியாகக் குறையுங்கள். 150 சதுர அடிப் பச்சை, 500 சதுர அடி மஞ்சளைவிட அழகு.

தண்ணீரின் தரத்தையும் பார்த்துவிடுங்கள். தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டில் மின்கடத்துதிறன் என்று ஓர் எண் இருக்கும், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுவது அதுதான். அது மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 3-க்கு மேல் போனால் சாதாரணப் புல் வகைகள் தாங்காது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைப் புல்லுக்கு விடாதீர்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். உப்பு போட்டு இயங்கும் சாஃப்ட்னர் தண்ணீரும் ஆகாது. அதில் உள்ள சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும்.

எந்தப் புல்?

ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாசலில் எங்கெல்லாம் வெயில் விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். புல்லைத் தேர்ந்தெடுப்பது உங்கள் ரசனை என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் அந்தக் கோடுகள்தான் தேர்ந்தெடுக்கும்.

6 மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் விழுந்தால் அருகம்புல். இதைச் சொன்னபோது என் அம்மா சிரித்தார். "வயல்ல களைன்னு புடுங்கி வரப்புல எறியுறத, நீ தண்ணி ஊத்தி வளக்கப் போறியா?" என்றார். விவசாயிக்குத் தீராத தலைவலியாக இருப்பதற்கும், புல்தரைக்கு முதல் தேர்வாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். அருகு தரைமேல் கொடியாகவும் ஓடும், தரைக்குள் கிழங்குத் தண்டாகவும் ஓடும். மேலே காய்ந்தாலும் கீழே உயிர் இருக்கும். வறட்சி தாங்கும், ஓரளவு உப்பும் தாங்கும், பிள்ளைகள் மிதித்தாலும் மீளும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்தியவர்கள் இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அருகால் தாங்க முடியாத ஒன்று நிழல். மரத்தடியில் அது நூலாக மெலிந்து நீண்டு, பிறகு காணாமல் போகும்.

கொரியன், மெக்சிகன் என்ற பெயர்களில் விற்பவை பெரும்பாலும் சோய்சியா இனம். நர்சரிக்கு நர்சரி பெயர் மாறும். அதனால் பெயரை நம்பாமல் இலையைத் தொட்டுப் பாருங்கள். ஊசிபோல் மெல்லியதாக, மெத்தைபோல் மேடு மேடாக வளர்வது அலங்காரத்துக்கு அழகு. நடப்பதற்கும் வெட்டுவதற்கும் தொல்லை. சற்று அகல இலையுள்ள வகை புழங்கும் இடத்துக்குத் தேவலை. எதுவானாலும் சோய்சியா மெதுவாகத்தான் படரும். அரைகுறை நிழலை அருகைவிடக் கொஞ்சம் பொறுக்கும்.

4 மணி நேர வெயிலும் நல்ல ஈரமும் உள்ள இடமா? பஃபலோ கிராஸ் என்று கேளுங்கள். அகல இலை, தடித்த கொடி. குமரி மாவட்டம் போன்ற மழை மிகுந்த பகுதிகளில் நன்றாக வரும். விருதுநகரில் அதை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம். கடலோரத்தில் உப்புக்காற்றும் சவர்த் தண்ணீருமாக இருக்கிறவர்கள் பாஸ்பலம் என்ற கடற்கரைப் புல் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். உப்பைத் தாங்குவதில் அதற்கு நிகர் குறைவு.

4 மணி நேரத்துக்கும் குறைவாக வெயில் விழும் இடத்தில் புல்லே வேண்டாம்.

மண்தான் பாதி வேலை

என் முதல் புல்தரை ஏன் செத்தது என்று தோண்டிப் பார்த்தேன். மூன்று அங்குலச் செம்மண்ணுக்குக் கீழே உடைந்த செங்கல், சிமென்ட் கலவைக் கட்டி, டைல்ஸ் துண்டு, ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடி. கட்டுமானக் கழிவைத் தரையோடு பரப்பி, மேலே ஒரு லோடு செம்மண் கொட்டி மட்டம் செய்து கொடுத்திருந்தார்கள். புது வீடுகளில் இது சர்வசாதாரணம். சிமென்ட் கலந்த மண் காரத்தன்மை ஏறிவிடும். புல் மஞ்சளாகும், எவ்வளவு உரம் போட்டாலும் திரும்பாது. ஆகவே முதல் வேலை கடப்பாரை. 9 அங்குல ஆழத்துக்காவது கிளறி, கட்டியையெல்லாம் பொறுக்கி வெளியே போடுங்கள். ஆள் வைத்துச் செய்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்து, தண்ணீர் இறங்குகிறதா என்ற சோதனை. ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை நான்கைந்து மணி நேரத்தில் வற்றினால் நல்லது. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் உங்கள் புல் அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் தரையைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும். எந்த இடமானாலும் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு இருக்கட்டும்.

மண்ணின் குணம் அறிய ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள். நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்காரும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில். களி படிய ஒரு நாளாவது ஆகும். படலங்களின் தடிமனைப் பார்த்தாலே உங்கள் மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

கரிசல்காரர்கள் செய்யும் ஒரு தவறு, மண் இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு வண்டி மணலைக் கலப்பது. கொஞ்சம் மணல் களியோடு சேர்ந்தால் இளகாது, செங்கல் மாதிரி இறுகும். கரிசலுக்கும் சரி, தண்ணீர் நிற்காத கடற்கரை மணலுக்கும் சரி, மருந்து ஒன்றே: மக்கிய தொழு உரம் அல்லது கம்போஸ்ட். 2 அங்குலப் படலமாகப் பரப்பி, மேல் 6 அங்குல மண்ணோடு கலந்துவிடுங்கள். 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 17 கன அடி வேண்டும். சிமென்ட் சாக்கில் அளந்தால் 13, 14 சாக்கு. அதிகமாகத் தோன்றும். ஆனால் புல் படர்ந்தபின் உள்ளே கலக்க வழியே இல்லை. பச்சைச் சாணம் வேண்டாம், அதோடு களை விதையும் வேர்ப்புழுவும் வரும். கையில் அள்ளினால் சாண வாசனை போய் மண் வாசனை வர வேண்டும், அதுதான் மக்கியதற்கு அடையாளம்.

மண் பரிசோதனை செய்வதானால் உரம் கலக்கும் முன் எடுங்கள். ஏழெட்டு இடங்களில் 'V' வடிவத்தில் 6 அங்குல ஆழத்துக்கு வெட்டி, வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு கனமான சீவல் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ மட்டும் நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். கார அமில நிலை 6-க்கும் 7.5-க்கும் நடுவே இருந்தால் எந்தப் புல்லும் வரும். 8.5-ஐத் தாண்டினால் ஜிப்சம் எவ்வளவு போட வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள், குத்துமதிப்பாகப் போட வேண்டாம்.

கோரையோடு கணக்குத் தீர்ப்பது

மண் தயாரானதும் புல்லை நடக் கை பரபரக்கும். மூன்று வாரம் பொறுங்கள். வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் முளைக்கும். எடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி முளைப்பு, மறுபடி எடுப்பு. பார்த்தீனியம், நெருஞ்சி, அம்மான் பச்சரிசி எல்லாம் இதில் பெருமளவு தீர்ந்துவிடும். தீராதது கோரை. மேலே பிடுங்கினால் அறுந்துவரும்; கீழே கிழங்கு சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இருக்கும், ஒன்றை எடுத்தால் அடுத்தது முளைக்கும். களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். புல் நடும் முன் இதைச் செய்யாதவர்கள் பிறகு வருடக்கணக்கில் உட்கார்ந்து பிடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

நடவு

மதுரை, திருச்சி, சென்னைப் பக்கத்துக்கு ஆடி, ஆவணி சரியான காலம். மண் சூடாக இருக்கும், அவ்வப்போது ஒரு மழையும் விழும், வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது வேர் பிடித்திருக்கும். கோவை, தென்காசிப் பக்கம் தென்மேற்கு மழையோடு ஆனியிலேயே தொடங்கலாம். நவம்பரில் நட்டால் கன்றுகள் மிதக்கும். ஏப்ரலில் நட்டால் தண்ணீருக்கு வேறு வீட்டில் கடன் வாங்க வேண்டும்.

அருகுக்குச் செலவு குறைந்த வழி துண்டு ஊன்றுதல். களையில்லாத நல்ல அருகம்புல்லை வேரோடு எடுத்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாகப் பிரித்து, 3 அல்லது 4 அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், நுனி வெளியே தெரிய வேண்டும். எடுத்த புல்லை அன்றே நட்டுவிடுங்கள், ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாலும் மறுநாளைத் தாண்ட வேண்டாம்.

இன்னொரு பழைய வழி, மெழுகுவது. அருகை 2 அங்குலத் துண்டுகளாக நறுக்கி, தோட்டத்து மண்ணும் சாணமும் தண்ணீரும் சேர்த்துத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, நனைத்த தரைமேல் ஓர் அங்குலத்துக்குப் பூசுவது. பார்க்க அசிங்கமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்னவென்று கேட்பார். இரண்டு வாரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். இங்கே மட்டும் சாணம் மக்காததாக இருந்தாலும் பரவாயில்லை, பிசின்போல் ஒட்டுவதற்குத்தான் அது. பின்னால் முளைக்கும் களையை எடுக்கத் தயாராக இருங்கள்.

விரிக்கும் புல் வாங்கினால் அதன் அடியைப் பாருங்கள். பிசுபிசுப்பான களிமண் ஒட்டியிருந்தால், உங்கள் மண் வேறு ரகமாக இருக்கும் பட்சத்தில் வேர் அந்த ஒட்டிய மண்ணைத் தாண்டி இறங்கத் தயங்கும். மேலே ஈரம், கீழே வறட்சி. நான்கு மாதத்தில் வைக்கோலாகும். எனக்கு நடந்ததில் பாதி இதுதான். விரிக்கும் முன் அடிமண்ணைப் பீய்ச்சும் தண்ணீரால் பாதிக்கு மேல் கழுவிவிடுங்கள், கீழ்த்தரையையும் கொத்தி நனைத்துக்கொள்ளுங்கள். செங்கல் வரிசைபோல மாற்றி மாற்றி இடைவெளியில்லாமல் வைத்து, மேலே பலகை போட்டு மிதித்து அழுத்துங்கள்.

பூச்செடிப் பாத்தி பக்கத்தில் இருந்தால் நடுவே 8 அங்குல ஆழத்துக்குச் செங்கல்லோ கடப்பைக்கல் துண்டோ புதைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு ரோஜாவின் காலடியில் அருகு இருக்கும்.

முதல் இரண்டு மாதம்

முதல் இரண்டு வாரம் மேல்மண் காயக் கூடாது. காலையும் மாலையும், வெயில் கடுமையாக இருந்தால் மதியமும், பூவாளித் தூவலாகக் கொஞ்சம் கொஞ்சம். மூன்றாவது வாரத்திலிருந்து தடவையைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். தினம் மேலோட்டமாகத் தெளித்தே பழக்கினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் எல்லாம் போயிருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை, 6 அங்குலம் வரை இறங்கும்படி, விடியற்காலையில் விடுங்கள். ஒரு நீண்ட திருப்புளியை மண்ணில் குத்திப் பார்த்தால் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று தெரியும். காய்ந்த இடத்தில் அது நின்றுவிடும். நடந்த காலடித் தடம் நிமிராமல் அப்படியே இருந்தாலோ, பச்சை சாம்பல் பூத்ததுபோல் மாறினாலோ புல்லுக்குத் தாகம்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் நாலைந்து டப்பாக்களை அங்கங்கே வைத்து, அரை மணியில் எத்தனை மில்லிமீட்டர் சேர்கிறது என்று அளந்துவிட்டால் அப்புறம் மோட்டாரை எத்தனை நிமிடம் ஓட்டுவது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

அருகு ஏழெட்டு வாரத்தில் தரையை மூடும். சோய்சியாவுக்கு அரை வருடமோ அதற்கு மேலோ ஆகும், பொறுமை இல்லாதவர்கள் அதைத் துண்டாக நட வேண்டாம்.

வெட்டுவது

2 அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. அருகை 1 முதல் 1.5 அங்குல உயரத்தில் வைத்திருங்கள். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு மாதம் விட்டுவிட்டு மொட்டையடித்தால் உள்ளே இருக்கும் பழுப்புத் தண்டுதான் தெரியும். மழைக்காலத்தில் வாரம் ஒன்று, கோடையில் அதைவிடக் குறைவாக, குளிர்மாதங்களில் மாதம் இரண்டு தடவை போதும். 300 சதுர அடிக்குக் கையால் தள்ளும் உருளைக் கத்தி இயந்திரமே தாராளம். மின்சாரம் வேண்டாம், ஈரத்தில் வயர் இழுக்கும் பயமும் இல்லை. கத்தி மழுங்கினால் புல் நுனி கிழிந்து வெளுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நோய் வந்தது போலவே இருக்கும். சாணை பிடித்தால் சரியாகிவிடும்.

வெட்டிய துணுக்குகள் சிறிதாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், அதுவும் உரம்தான்.

உரமும் மஞ்சளும்

100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா. இதற்கு மேல் ஒரே தடவையில் போடக் கூடாது. மணலோடு கலந்து, புல் காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். நனைந்த இலையில் ஒட்டினால் கருகும். வளர்ச்சிக் காலத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை போதும். யூரியா வேண்டாம் என்பவர்கள் மாதம் ஒருமுறை மண்புழு உரத்தைச் சலித்துத் தூவலாம்; பச்சை மெதுவாக ஏறும், ஆனால் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடியில், சலித்த கம்போஸ்ட்டையும் மண்ணையும் கலந்து கால் அங்குலத்துக்குப் பரப்பி, துடைப்பத்தால் புல்லுக்குள் இறக்கிவிடுங்கள்.

கரிசலிலும் சுண்ணாம்பு மண்ணிலும் வேறொரு மஞ்சள் வரும். யூரியா போட்டும் மாறாது. இளம் இலையில் நரம்பு பச்சையாக, நடுவே வெளுத்திருக்கும். அது இரும்புச்சத்துக் குறை. உரக்கடையில் அன்னபேதி உப்பு கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஓர் எலுமிச்சையைப் பிழிந்து, மாலையில் தெளியுங்கள். சில நாட்களில் பச்சை திரும்பும். நடைபாதையிலோ டைல்ஸிலோ விழாமல் பாருங்கள், துருக்கறை போகவே போகாது. என் வாசற்படியில் இன்னும் இருக்கிறது.

ஓரிடத்தில் மைனாக்கள் விடாமல் கொத்திக்கொண்டிருந்தால், அங்கே புல்லை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பாய்போல் சுருண்டு வந்தால் கீழே வெள்ளை வேர்ப்புழு சுருண்டு கிடக்கும். பொறுக்கி எடுத்துவிட்டு, 100 சதுர அடிக்குக் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு தூவித் தண்ணீர் விடுங்கள். மழைக்காலத்தில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழுந்தால் அது பெரும்பாலும் பூஞ்சணம். இரவில் இலை நனைந்து கிடப்பதைத் தவிர்த்து, யூரியாவை நிறுத்திப் பாருங்கள்.

வேப்பமரத்தடிக்கும் ஓரத்துக்கும்

மரத்தடியில் இரண்டு தடவை புல் போட்டுத் தோற்றபின் நான் அங்கே கூழாங்கல் பரப்பி ஒரு கல் பெஞ்ச் போட்டுவிட்டேன். சொல்லப்போனால் வீட்டில் எல்லாரும் உட்காருவது அங்கேதான்.

தெருவோரமாக உப்பு பூத்துக் கிடந்த இடத்தில், வெயில் இருந்தும் அருகு திணறியது. அங்கே பொடுதலை வைத்தேன். தலைப் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறோமே, அதே பொடுதலைதான். வாய்க்கால் ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடக்கும். கணுவோடு கொடியைக் கிள்ளி அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் மூன்று மாதத்தில் தரையோடு தரையாக மூடிவிடும். உப்பைத் தாங்கும், மிதியைத் தாங்கும், வெட்டும் வேலை அநேகமாக இல்லை, தண்ணீரும் புல்லைவிடக் குறைவாகவே கேட்கும். சின்னச் சின்ன வெள்ளைப் பூவில் காலை வேளையில் தேனீக்கள் மொய்க்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளை வெறுங்காலோடு அந்தப் பக்கம் விடாதீர்கள். பூத்ததும் மேலாக ஒருமுறை வெட்டிவிட்டால் தேனீ குறையும்.